மணிக்கட்டில் ஒரு நிமிடம்

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: இதய மேலறை நடுக்கத்தை ஊர்ப்புறத்திலேயே கண்டறிவதும், அதற்கான உறைதடுப்பு மருந்தும் இரத்தப் பரிசோதனையும் வட்டார அளவில் இடையறாமல் கிடைக்கச் செய்வதும் குறித்து.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரிப் படுகையில் ஒரு சிற்றூரில் 27 ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். இதயநோய் நிபுணன் அல்லன். காய்ச்சல், சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி என்று நாள்தோறும் வருகிறவர்களைப் பார்த்து அனுப்பும் சாதாரண மருத்துவன். பெருநகர மருத்துவமனைகளில் நடக்கும் நவீன சிகிச்சைகளைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. ஆனால் அங்கே பக்கவாதத்தோடு போய்ச் சேருகிறவர்களில் பலர், அதற்கு முந்தைய ஓராண்டு முழுவதும் என்னைப் போன்றவர்களின் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து எழுந்து போனவர்கள். அந்த ஓராண்டைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று கருதியே இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற கார்த்திகையில் ஒரு விடியற்காலை, 68 வயதுப் பெண்மணி ஒருவரை அவருடைய மகன் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். வாசல் தெளித்துக் கோலம் போடக் குனிந்தவருக்கு மாவுக்கிண்ணம் கையிலிருந்து நழுவியிருக்கிறது. அதை எடுக்கப் போன வலக்கை எழவில்லை. மருமகளைக் கூப்பிட வாய் திறந்தால் சொல் வரவில்லை. என்னிடம் வந்து சேர்ந்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. செய்ய வேண்டியதைச் செய்து 108 ஊர்தியில் மாவட்டத் தலைநகருக்கு அனுப்பிவிட்டு, அவருடைய பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். இரத்த அழுத்தத்துக்காக என்னிடம்தான் அவர் வந்துகொண்டிருந்தார்.

குறிப்பேட்டில் ஆறு வருகைகள். 148/86, அடுத்த மாதம் 122/70, அதற்கடுத்து 170/94, பிறகு 126/78 என்று எண்கள் ஏறி இறங்கிக் கிடந்தன. ஒரு முறை மாத்திரையைக் கூட்டியிருக்கிறேன், மறுமுறை குறைத்திருக்கிறேன், இன்னொரு முறை உப்பைக் குறைக்கச் சொல்லிக் கண்டித்ததாகவும் எழுதியிருக்கிறேன். நான்காம் வருகையில், “படபடப்பு உண்டு, வயதுக்கேற்றது” என்று என் கையெழுத்திலேயே ஒரு வரி. “வயசானா படபடப்பு வரத்தானே செய்யும் டாக்டர்” என்று அவர்தான் சொன்னார். நானும் அதை அப்படியே வாங்கி எழுதிக்கொண்டேன். அன்று காலை, ஊர்தி வருவதற்குள் அவர் மணிக்கட்டில் விரல் வைத்தபோது, ஒரு துடிப்பு ஓங்கி, அடுத்தது ஒடுங்கி, பிறகு ஓர் இடைவெளி விட்டு, இரண்டு மூன்று ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. அதில் எந்த ஒழுங்கும் இல்லை. ஈ.சி.ஜி. எடுத்தேன், மேலறை சுருங்குவதைக் காட்டும் சிறு மேடு எங்குமே தெரியவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று நாங்கள் சொல்லும் இதய மேலறை நடுக்கம். ஆறு முறை வந்தவரின் கையை ஏழாம் முறைதான் நான் பிடித்தேன்.

நம் ஊர்களில் நோயாளிகள் ஒரு மருத்துவரைக் குறை சொல்ல வேண்டுமென்றால், “கையைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை” என்பார்கள். அதை நாட்டுப்புற எதிர்பார்ப்பு என்று இளமையில் நான் புன்னகையோடு கடந்துவிடுவது வழக்கம். இந்த ஒரு நோயைப் பொறுத்தவரை அந்தக் குறை எழுத்துக்கு எழுத்து உண்மை என்பதை மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

நோயின் இயல்பு தங்கள் துறை அறியாததன்று. எனினும் என் கோரிக்கை விளங்குவதற்குத் தேவையான அளவு சொல்கிறேன். இந்நோயில் இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையிலான மின்தூண்டல்களால் அலைக்கழிக்கப்பட்டு, சுருங்குவதை விட்டு வெறுமனே நடுங்குகின்றன. கீழறைகள் அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இசைந்து, ஒழுங்கில்லாமல் துடிக்கின்றன. நடுங்கும் மேலறைகளில், குறிப்பாக இட மேலறையில் காது மடல்போல் தொங்கும் சிறு பையில், இரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அக்கட்டி ஒரு நாள் பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போகிறது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, இந்நோய் உள்ளவருக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று காட்டியது. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கு அது 17 மடங்கு. இப்படி வரும் பக்கவாதம் பெரும்பாலும் பெரிய குழாயை அடைப்பதால், பிழைத்தவர்களும் படுக்கையோடு தங்கிவிடுவதே மிகுதி. கொடுமை என்னவென்றால், பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. முதல் அறிகுறியே கை கால் இழுத்துக்கொள்வதுதான்.

என் மேசையில் இருப்பது மின்னணு இரத்த அழுத்தக் கருவி. செவிலியர் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்துவார், எண் வரும், எழுதுவோம். பாதரசக் கருவி இருந்த காலத்தில் பட்டையை இறுக்கும்போது நாடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. வேண்டாமலே அதன் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் விரலுக்குத் தெரிந்துவிடும். பாதரசம் போனது சுற்றுச்சூழலுக்கு நல்லது. ஆனால் அதோடு விரலும் போய்விட்டதை யாரும் கவனிக்கவில்லை. மின்னணுக் கருவிகள் சீரான துடிப்பை எதிர்பார்த்துக் கணக்கிடுகிறவை. துடிப்பு சிதறும்போது ஒவ்வொரு அளவீடும் ஒவ்வொரு விதமாக வரும், அதனால் இரண்டு மூன்று முறை அளந்து சராசரி பார்க்க வேண்டும். சில கருவிகளில் துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் திரையின் மூலையில் ஒரு சிறு இதயக்குறி மினுக்கும். அது எதற்கு என்று என் செவிலியருக்குத் தெரியாது. நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வாசலுக்கே கொண்டுவந்தது. அதன் பயனை நான் நேரில் கண்டிருக்கிறேன். மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து வரும் கூட்டம் என் மருத்துவமனையில் குறைந்திருக்கிறது. மேலறை நடுக்கம் யாருக்கு வருகிறதோ அவர்களும் பெரும்பாலும் இதே மக்கள்தாம்: வயது முதிர்ந்தவர்கள், நெடுங்காலம் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், இதயம் பலவீனமானவர்கள். ஆகவே என் முதல் வேண்டுகோள் சிறியது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், 65 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் அழுத்தம் அளப்பதற்கு முன் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியைப் பார்த்து, ஒழுங்கு என்றோ ஒழுங்கில்லை என்றோ பதிவேட்டில் ஒரு சொல் எழுத வேண்டும். எண்ணிக்கைகூட இரண்டாம் பட்சம். தாளம் தப்புகிறதா என்பதே கேள்வி. கும்மியிலும் கோலாட்டத்திலும் ஒரு கை தவறினால் அறிந்துவிடுகிற பெண்களுக்கு இதைக் கற்பிக்க அரை நாள் போதும் என்பது என் எண்ணம்.

நாடி தப்புவதெல்லாம் மேலறை நடுக்கம் ஆகாது என்பதை அறிவேன். இடையிடையே வரும் கூடுதல் துடிப்புகளால் பலருக்கு நாடி தவறும். அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. அதனால்தான் நாடியைத் தொடர்ந்து அதே வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் ஈ.சி.ஜி. வேண்டும். இங்கிலாந்தில் பொது மருத்துவ நிலையங்களில் நடந்த ‘சேஃப்’ ஆய்வு, எல்லாரையும் அழைத்து ஈ.சி.ஜி. எடுப்பதைவிட, வேறு காரியமாக வருகிறவரின் நாடியைப் பார்த்து, தப்பினால் மட்டும் ஈ.சி.ஜி. எடுப்பதே ஏற்ற வழி என்று காட்டியது. மாரடைப்புக்காகச் சிறு மருத்துவமனையின் ஈ.சி.ஜி.யைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிக் கேட்கும் முறை தமிழ்நாட்டில் முன்பே நடத்திக் காட்டப்பட்டது. அதே தடத்தில் இந்தப் படமும் போகலாம்.

விலை உயர்ந்த கருவிகள் எதையும் நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதற்கும் சான்று உண்டு. டென்மார்க்கில் சுமார் 6,000 முதியவர்களை வைத்து நடந்து 2021-இல் வெளிவந்த ‘லூப்’ ஆய்வில், மார்புத் தோலுக்கடியில் கருவி பொருத்திக் கண்காணித்தவர்களிடம் இந்நோய் மும்மடங்கு அளவுக்குக் கண்டறியப்பட்டது. ஆனால் பக்கவாதம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. சில நிமிடங்கள் வந்து மறையும் நடுக்கத்தைத் துரத்திப் பிடிப்பதைவிட, விரலுக்கே தெரியும்படி நிலைத்துவிட்ட நடுக்கத்தைத் தவறவிடாதிருப்பது நமக்கு முதல் வேலை.

கண்டறிந்த பின் நடப்பது, கண்டறியாமல் விடுவதைவிடச் சில நேரம் மோசமாக இருக்கிறது. “ரத்தம் மெலிதாக ஒரு மாத்திரை” என்று ஆஸ்பிரின் எழுதி அனுப்பிவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன்; வயதானவர், இரத்தம் கசிந்தால் யார் பொறுப்பு என்ற அச்சம். மாரடைப்புக்கு முதல் மணி நேரத்தில் ஆஸ்பிரின் உயிர் காக்கும் மருந்து. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அதைக் கொடுக்கச் செய்தது மிகச் சரியான முடிவு. ஆனால் மேலறை நடுக்கத்தில் உண்டாகும் கட்டி வேறு வகையானது. அங்கே ஆஸ்பிரின் ஏறக்குறைய ஆறுதல் மருந்துதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 75 வயதைக் கடந்த 973 பேரை வைத்துப் பொது மருத்துவர்களே நடத்திய ‘பாஃப்டா’ ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஆஸ்பிரின் உண்டவர்களில் பக்கவாதம் போன்ற பேரிடர் ஆண்டுக்கு 3.8 விழுக்காடு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் உண்டவர்களில் 1.8 விழுக்காடு. பெரிய இரத்தக்கசிவில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வார்ஃபரின் ஒத்துவராது என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஆஸ்பிரினுக்குப் பதிலாக அபிக்ஸபான் என்னும் புதிய உறைதடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டின் ‘அவெரோஸ்’ ஆய்விலும் பக்கவாதம் பாதிக்குக் கீழே இறங்கியது, கசிவு ஏறவில்லை. ஆக, முதியவருக்கு ஆஸ்பிரின் பாதுகாப்பானது என்று நாம் சொல்லிக்கொள்வது நம் மன நிம்மதிக்காக மட்டுமே. தங்கள் துறையிலிருந்து ஒரே ஒரு சுற்றறிக்கை வரும் என்றால், மேலறை நடுக்கத்தில் பக்கவாதத் தடுப்புக்கென ஆஸ்பிரினை மட்டும் எழுதக் கூடாது என்பதே அதில் இருக்கட்டும்.

யாருக்கு உறைதடுப்பு மருந்து வேண்டும் என்று கணக்கிடுவது கடினமான கலை அன்று. இதயச் செயலிழப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தக்குழாய் நோய், 65 முதல் 74 வரையிலான வயது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 75-உம் அதற்கு மேற்பட்ட வயதுக்கும், முன்பு வந்த பக்கவாதத்துக்கும் இரண்டிரண்டு. பெண்ணாக இருப்பதற்கு ஒரு புள்ளி சேர்த்து வந்தோம். 2024-இல் ஐரோப்பிய இதயவியல் கழகம் அதை எடுத்துவிட்டது, கணக்கு இன்னும் எளிதாயிற்று. இரண்டு புள்ளி வந்தால் மருந்து; ஒன்று வந்தால் நோயாளியோடு கலந்து பேச வேண்டும். வால்வு சுருங்கியவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், மருந்து கட்டாயம். மேலே சொன்ன பெண்மணிக்கு வயதுக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று. கோலம் போடக் குனிந்த அன்று அவர் கணக்கில் இரண்டு புள்ளிகள் இருந்தன. அவர் உட்கொண்டது அழுத்த மாத்திரை மட்டும்.

எந்த மருந்து என்பதில்தான் தங்கள் துறை நிதானமாக முடிவெடுக்க வேண்டும். டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதிய மருந்துகளுக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டாம். மூளைக்குள் கசிவும் வார்ஃபரினைவிடக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இவ்வகை மருந்துகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் நம் நாட்டு நோயாளி மேலைநாட்டுப் பாடநூல் காட்டும் நோயாளி அல்லர். இந்திய இதயத்தாள மருத்துவர் கழகம் திரட்டிய பதிவேட்டில் சுமார் 1,500 நோயாளிகள். அவர்களின் சராசரி வயது 55-ஐ ஒட்டியது. ஏறக்குறைய பாதிப்பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய். குழந்தைப் பருவத்தில் தொண்டை வலியாக வந்து, கண்டுகொள்ளப்படாமல் போன ஏழ்மையின் நோய் அது. 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்ட இத்தகைய நோயாளிகளைச் சேர்த்து நடந்த ‘இன்விக்டஸ்’ ஆய்வு 2022-இல் வெளிவந்தபோது எங்களில் பலருக்கு வியப்பு: புதிய ரிவராக்ஸபானைவிடப் பழைய வார்ஃபரின் வகை மருந்து உண்டவர்களிடமே இறப்பு குறைவு. செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் புதிய மருந்துகள் ஆகா. ஆகவே எல்லாருக்கும் புதியதே நல்லது என்று ஒரேயடியாக மாற்றிவிட்டால், நம் மக்களில் ஒரு பெரும் பகுதிக்குத் தீங்கு செய்தவர்களாவோம். இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனை ஒரு முறையேனும் செய்து வால்வைப் பார்த்த பின்பே மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புதிய மருந்து கொடுக்கும் இடத்திலும் அளவில் தடுமாறுகிறோம். அபிக்ஸபான் ஒரு நாளைக்கு இரு வேளை, 5 மில்லிகிராம். 80 வயதைத் தொட்டவர், 60 கிலோவோ அதற்குக் குறைவோ எடை, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் 1.5-ஓ அதற்கு மேலோ என்ற மூன்றில் இரண்டு இருந்தால்தான் அளவைப் பாதியாக்க வேண்டும். நம் ஊரில் 60 கிலோவைத் தாண்டாத முதியவர்களே மிகுதி. மெலிந்த உடம்பைப் பார்த்ததும் இரக்கப்பட்டு 2.5 எழுதிவிடுகிறோம். அந்த இரக்கத்தால் மூளைக்குப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. ரிவராக்ஸபானை வயிறு நிறையச் சாப்பிட்டதோடு விழுங்க வேண்டும், இல்லையேல் உடம்பில் சரியாகச் சேராது. ஒரு வேளை கஞ்சியோடு படுத்துக்கொள்ளும் முதியவருக்கு எந்த வேளை சோற்றோடு என்று கேட்டு எழுத வேண்டும். சிறுநீரகச் செயல்பாட்டை ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்காமல் இவற்றில் எதையும் தொடரக் கூடாது.

வார்ஃபரின், அதே வகையைச் சேர்ந்த அசெனோகூமரால் உண்பவர்களின் பாடு வேறு. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்னும் அளவு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும்; குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு. வால்வு சுருங்கிய 40 வயது விவசாயக் கூலிப் பெண் ஒருவர் என்னிடம் வருவார். காலை ஆறு மணிப் பேருந்தில் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போய், இரத்தம் கொடுத்து, பிற்பகல் முடிவு வாங்கி, மாத்திரை அளவை மாற்றி எழுதக் காத்திருந்து, விளக்கு வைத்த பின் வீடு திரும்புவார். அரசு நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை என்பதில் அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் போன கூலி போனதுதான். நடவுக் காலத்தில் அவர் பரிசோதனைக்குப் போவதில்லை. மூன்று மாதம் கழித்து ஈறில் இரத்தம் கசிந்தபோது என்னிடம் வந்தார், ஐ.என்.ஆர். 6.8. மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கும், வயிற்றுப்போக்குக்குச் சாப்பிட்ட மெட்ரோனிடசோலும் பையில் இருந்தன; இம்மருந்தோடு சேர்ந்தால் இரண்டுமே கசிவைக் கூட்டுபவை. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஓரிரு நிமிடத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் கையடக்கக் கருவி நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. சர்க்கரைக்கு வைத்திருப்பதைப் போலவே வட்டாரத்துக்கு ஒன்றேனும் அது வந்தால், அவருடைய ஒரு நாள் அரை மணி நேரமாகச் சுருங்கும். இம்மடலில் பணம் செலவாகும் கோரிக்கை ஒன்று உண்டென்றால் அது இதுதான்; பட்டியலில் இதை முதலில் வைக்கச் சொல்வேன்.

கூடவே ஒரு சிறு திருத்தம். “கீரையைத் தொடாதே” என்று சொல்லி அனுப்புவது எங்களிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் வேண்டியது ஒழுங்கு. வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை உண்கிறவர் அதே இரண்டு நாள் உண்ணட்டும், அதற்கேற்ப மருந்தின் அளவை நாம் பொருத்திக்கொள்ளலாம். கொல்லையில் காசில்லாமல் கிடைக்கும் ஒரே சத்துணவை ஏழையிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இம்மருந்துகளின் வேலையைப் பெரிதும் கெடுத்துவிடும் என்பதைக் காசநோய்ப் பிரிவும் இதயப் பிரிவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஏற்பாடு வேண்டும். வார்ஃபரின் தீர்ந்தபோது அதே மில்லிகிராமில் அசெனோகூமராலைக் கொடுப்பதும் ஆபத்தே; இரண்டும் சம வலிமை உடையவை அல்ல.

மருந்தை நிறுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடங்குவதில் காட்டும் கவனத்தில் பாதிகூட நிறுத்துவதில் காட்டுவதில்லை. கண்புரை முகாம் ஒன்றுக்குப் போன ஒரு முதியவரிடம், அறுவைக்கு முன் “ரத்த மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்” என்றிருக்கிறார்கள். அவர் நிறுத்தினார். மறுபடி எப்போது தொடங்குவது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பார்வை தெளிந்து ஊருக்கு வந்த ஐந்தாம் வாரம் இடப்பக்கம் விழுந்துவிட்டது. இக்காலக் கண்புரை அறுவை பெரும்பாலும் இரத்தமே பாராதது, ஐ.என்.ஆர். வரம்புக்குள் இருந்தால் மருந்தை நிறுத்தாமலே அதைச் செய்யலாம். ஒரு பல்லைப் பிடுங்குவதற்கும் அப்படியே. முகாம்களின் விண்ணப்பப் படிவத்தில், “யார் நிறுத்தச் சொன்னார், எந்தத் தேதியில் மீண்டும் தொடங்க வேண்டும்” என்ற இரண்டு கட்டங்கள் இருந்திருந்தால் அவர் இன்று வரப்பில் நடந்துகொண்டிருப்பார்.

கீழே விழுந்துவிடுவார் என்பதற்காக மருந்தைத் தவிர்ப்பதும் இப்படிப்பட்ட அச்சமே. வார்ஃபரினின் நன்மையைத் தீமை விஞ்சுவதற்கு ஒரு முதியவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 295 முறை விழ வேண்டியிருக்கும் என்று 1999-இல் கனடா மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அது ஒரு கணிப்புத்தான். ஆயினும் அச்சத்தின் அளவை நமக்குக் காட்டுகிறது.

துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதைப் பற்றி நீட்டி எழுதவில்லை. அதை நாங்கள் ஓரளவு சரியாகவே செய்கிறோம். ஓய்வில் 110-க்குக் கீழ் இருந்தால் பெரும்பாலோர்க்குப் போதும் என்று நெதர்லாந்து ஆய்வு 2010-இலேயே சொன்னது. சிறுநீரகம் தளர்ந்த முதியவர்க்குத் துடிப்பைத் தணிக்கும் டிகாக்சினை அளவு பாராமல் மாதக் கணக்கில் தொடரும் பழக்கம் மட்டும் மாற வேண்டும். “சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது” என்று, அம்மருந்து உடம்பில் மிகுந்துவிட்டதன் அறிகுறியோடு வந்தவருக்கு அமிலத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். நோய் புதிதாகப் பிடிபட்டவர்களை, குறிப்பாக இதயம் பலவீனமடைந்தவர்களை, தாளத்தையே மீட்கும் சிகிச்சைக்காக ஓராண்டுக்குள் நிபுணரிடம் அனுப்புவது பயன் தரும் என்று ஜெர்மனியை மையமாகக் கொண்டு நடந்து 2020-இல் வெளிவந்த ‘ஈஸ்ட்’ ஆய்வு காட்டியது. தைராய்டு, குறட்டையோடு மூச்சுத் திணறும் உறக்கம், உடல் பருமன், குடி ஆகியவற்றைத் தேடாமல் அனுப்பக் கூடாது. தீபாவளிக்கு மறுநாள் படபடப்போடு வரும் நடுவயது ஆண்களிடம் முந்தைய இரவைப் பற்றிக் கேட்டாலே பாதி நோய் விளங்கிவிடும்.

ஒரு செய்தியை மட்டும் தனியே சொல்லிவிடுகிறேன். வால்வு சுருங்கி வார்ஃபரின் உண்ணும் இளம்பெண்கள் கருவுற்றால், முதல் மூன்று மாதங்களில் அம்மருந்து கருவின் எலும்பையும் முகத்தையும் சிதைக்கக்கூடும். பயந்து அவர்களாகவே நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. கருவுற்ற செய்தி செவிலியருக்கு எட்டும்போது பெரும்பாலும் அந்த வாரங்கள் கடந்துவிடுகின்றன. ஆகவே இவர்களைக் கருவுற்ற பின் பதிவு செய்வது போதாது. திருமணமானவுடனேயே கிராம சுகாதாரச் செவிலியரின் ஏட்டில் இவர்கள் பெயர் இருக்க வேண்டும்.

இவை அனைத்தையும் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள்; ஆறு மாதம் நாடியைப் பாருங்கள்; ஈ.சி.ஜி. எடுங்கள், ஒரு ஐ.என்.ஆர். கருவியும், இரண்டு வகை மருந்தும் குறைவின்றி வையுங்கள். எத்தனை பேர் கண்டறியப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் ஆறாம் மாதத்திலும் மருந்து உண்கிறார்கள் என்ற இரண்டு எண்களை மட்டும் எண்ணுங்கள். பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். என்னைப் போல் வரக்கூடியவர்கள் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறார்கள்.

என் மருத்துவமனையின் குறிப்பேட்டில் இரத்த அழுத்தத்துக்கும் எடைக்கும் நடுவே அளவுகோல் வைத்து ஒரு கோடு கிழித்து, ‘நாடி’ என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம். செவிலியர் முதல் வாரத்திலேயே ஒருவருக்கு ‘ஒழுங்கில்லை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டு அனுப்பினார். தேநீர்க்கடை நடத்தும் 71 வயதுக்காரர். முழங்கால் வலிக்காக வந்தவர். அந்தக் கோலக்காரப் பெண்மணி இப்போது இடக்கையால் சோறு உண்ணப் பழகியிருக்கிறார்; மாதம் ஒரு முறை மகனோடு வருகிறார். பட்டையைச் சுற்றுவதற்கு முன்பே கையை நீட்டிவிடுகிறார்.

தங்கள் பரிசீலனையை எதிர்பார்த்து,

பணிவுடன்,
காவிரிப் படுகையிலிருந்து ஒரு பொது மருத்துவர்